கூரை பிரிக்காத வீடு

பட்டுக்கோட்டை
18-4-1971

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவிந்தராசு எழுதுவது. மாற்றலாகி இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். இங்கும் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் அதே வீட்டு வசதிப் பிரிவு வேலைதான். தென்னந்தோப்பு ஓரமாக ஓர் அறை கிடைத்திருக்கிறது. வயலைப் பார்க்காமல் கண்ணுக்கு என்னவோ போல் இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நம் வடகொன்றைக் கீழத்தெருவுக்கு நான் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த காலனித் திட்டம் பாஸாகிவிட்டது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடு, நடுவில் வண்டி போகிற அகலத்துக்குத் தெரு, பொதுக்கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆடு கட்டக் கொல்லை. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. படம் வரைந்தது நான்தான். உன் வீடு கிணற்றுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி மனசுக்குள் குறித்து வைத்திருக்கிறேன்.

இடத்துக்குத்தான் மற்ற ஊர்களில் வருஷக்கணக்கில் இழுக்கிறது. நிலம் எடுக்க நோட்டீஸ் கொடுத்ததும் மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். நம் ஊரில் நானே பண்ணையாரிடம் போய்ப் பேசினேன். அவருடைய நஞ்சைக்கு நடுவில் இருக்கும் நம் குடிசைகளைக் காலி செய்து கொடுத்தால், வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற மேட்டுத் திடலைச் சும்மாவே தருவதாக வாய் விட்டுச் சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாக எந்த ஊரிலும் முடிந்ததில்லை என்று எங்கள் சேர்மன் எல்லோர் எதிரிலும் பாராட்டினார்.

செங்கல்லும் ஓடும் யூனியன் தரும். உடம்புழைப்பு நம்முடையது. வீடு எழும்பும் வரை வாய்க்கால் கரையில் கொட்டகை போட்டு இருக்க வேண்டும். அதற்கு மூங்கிலும் கீற்றும் தனியாக வாங்க வழியில்லை. ஆகவே குடிசைக் கூரைகளைப் பிரித்து அங்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். வைகாசி முடிவதற்குள் எல்லோரும் போய்விட வேண்டும். முதலில் நீ பிரி. நீ பிரித்தால் தெருவே பிரிக்கும்.

மச்சான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா? ராசம்மாளைக் கேட்டதாகச் சொல்.

தம்பி
கோவிந்தராசு


வடகொன்றை
9-5-1971

தம்பி கோவிந்தராசுக்கு,

அக்கா அம்சம் எழுதுகிறேன். உன் கடிதத்தைத் தெருவில் வைத்துப் படித்துக் காட்டினேன். கிணறும் கொல்லையும் என்று படித்தபோது கிழவிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஆபீசர் தம்பி சொன்னால் நடக்கும் என்று இன்றைக்கே நாலைந்து வீட்டில் கீற்றை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். பண்ணை ஏஜெண்டு மூங்கில் ஏற்றிப் போக மாட்டுவண்டி அனுப்பியிருக்கிறார். கூலி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் வண்டி அனுப்புகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையனிடம் சொன்னேன். நம் சங்கத்துக்குப் பயந்துதான் என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

உன் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது இருக்கட்டும். பொங்கலுக்கு வந்த நீ, ஊர்க் கூட்டத்தில் மேடை ஏறி, எங்கள் வீட்டைக் கையால் காட்டி, ஆடு மாடு கூட இதில் படுக்காது என்று பேசினாயே, அது அவர் தன் கையால் மண் குழைத்து வைத்த சுவர். அந்த வீட்டில்தான் நீயும் எஸ்எஸ்எல்சி வரைக்கும் சாப்பிட்டுப் படித்தாய். கூட்டத்தில் கை தட்டினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அது போகட்டும். நானும் நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். ராசம்மாள் பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் நீ வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், சீர் கொண்டுவந்து இறக்க வேண்டும். சடங்கு கழியாமல் பெண்ணை வேறு இடத்தில் கொண்டுபோய்க் குடிவைக்கிற வழக்கம் நம்மில் கிடையாது. ஆகவே எல்லோரும் பிரித்தாலும் என் வீட்டுக் கூரையில் கை வைக்க முடியாது. லீவு சொல்லிவிட்டு உடனே புறப்பட்டு வா.

அக்கா
அம்சம்


பட்டுக்கோட்டை
15-5-1971

அன்புள்ள அக்காவுக்கு,

சேதி கிடைத்து மிகவும் சந்தோஷப்பட்டேன். குழந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். பெண் பெரியவளானதைக் குச்சு கட்டி ஊருக்குக் காட்டுகிற பழக்கத்தை எதிர்த்து நாங்கள் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம். நானே போய் ஓலை வெட்டிக்கொண்டு நின்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? இங்கே வீட்டுக் கணக்கெடுப்பு வேறு நடக்கிறது. கமிஷனர் லீவு என்றாலே எரிந்து விழுகிறார். எனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை யாரையாவது விட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தெருவோடு சேர்ந்து நீயும் போய்விடு. சீரை நான் பிறகு அனுப்பி வைக்கிறேன்.

இன்னொன்றும் மனசில் இருப்பதால் எழுதுகிறேன். தாய்மாமனை அழைப்பதென்றால் பெண்ணின் தகப்பன் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைப்பதுதான் முறை. மச்சான் ஒரு நடை பட்டுக்கோட்டைக்கு வந்து போக முடியாதா? என் அறை வாசலை அவர் மிதிக்கவே மாட்டேன் என்று இருந்தால், நான் மட்டும் எப்படி வருவேன்? மேடையில் நான் பேசியது அவரை இழிவாக்க அல்ல. அந்த வீட்டை விட நல்ல வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்று பேசியது. அதைப் புரிந்துகொள்ள அவருக்கு மனசு இல்லை.

தம்பி
கோவிந்தராசு


வடகொன்றை
14-6-1971

தம்பிக்கு,

சடங்கே வேண்டாம் என்கிறாய். வேண்டாத சடங்குக்கு வெற்றிலை பாக்கோடு வந்து அழைக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறாய். நீ படித்த பாடத்தில் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது என்று எனக்கும் ஒரு முறை காட்டு.

உன் மச்சானிடம் கெஞ்சிப் பார்த்தேன். என் வீட்டை ஆடு மாடு கூட இருக்காத வீடு என்றவனை அந்த வீட்டுச் சுபகாரியத்துக்கு எப்படிப் போய் அழைப்பது என்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினோம். பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் உலக்கை போட்டு, களி கிண்டி, எல்லாம் கூட நின்று பார்த்தாள். குச்சை ஒப்புக்கு அவள் புருஷன் கட்டினான். ஆனாலும் தாய்மாமன் சீர் இறங்காமல் சடங்கு கழிந்ததாகாது. தெருப் பெரியவர்களும், இருக்கட்டும் அம்சம், தம்பி வந்ததும் முடித்துக்கொண்டு வா என்றுதான் சொன்னார்கள்.

தெரு முழுக்கப் போய்விட்டது. காளியம்மாளும் மூன்று நாளைக்கு முன்னால் போனாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டிபானையை வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவர்கள் போன மறுநாளே பண்ணையாட்கள் ஏர் கொண்டுவந்து சுவரை இடித்து மனையை உழுதார்கள். கூரை இல்லாத சுவர் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது தெரியுமா? இப்போது இருப்பது என் வீடு ஒன்றுதான். சுற்றிலும் உழுத மண். மாலையில் விளக்கு வைத்தால் வேறு விளக்கே தெரியவில்லை.

ஏஜெண்டு நேற்று வந்து எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். தம்பி வந்ததும் என்றேன். நீ வருகிற அன்றே கூரையைப் பிரிப்பேன். எனக்கும் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

அம்சம்


பட்டுக்கோட்டை
20-8-1971

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. ஆடி போகட்டும், ஆவணியில் நானே வந்து மச்சானிடம் பேசிவிடுவோம் என்று இருந்தேன். அதற்குள் இரண்டு சேதி வந்து என்னை அடித்துப் போட்டுவிட்டது.

முதல் சேதி உனக்கே தெரிந்திருக்கும். மேட்டுத் திடலில் தனக்குப் பங்கு இருப்பதாகப் பண்ணையாரின் தம்பி கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டார். வந்து இறங்கிய செங்கல்லை யூனியன் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. பண்ணையாரைக் கேட்டால், நான் தருவதாகத்தான் சொன்னேன், தம்பி சம்மதிக்கவில்லை, நான் என்ன செய்வது என்கிறாராம்.

இரண்டாவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மிராசுதார் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அவன் குடியிருக்கும் மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவருகிறது. இதற்காகத்தானே இத்தனை போராட்டம், இத்தனை உயிர். ஆபீசில் இதைப் படித்ததும் நான் கை தட்டினேன். அப்புறம்தான் அடுத்த வரியைப் பார்த்தேன். போன ஆனி மாதத்தில் ஒரு தேதி குறித்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் மனையில் குடியிருந்தவருக்குத்தான் மனை. நம் தெரு அதற்குச் சில நாள் முன்னால்தான் காலி செய்தது. நான்தான் காலி செய்யச் சொன்னேன்.

அக்கா, நீ மட்டும் அங்கே இருந்தாய். உன் மனை உனக்குச் சொந்தம். இனி அந்த வீட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்காதே. கூரையில் ஒரு கீற்றைக்கூடத் தொடாதே.

தம்பி
கோவிந்தராசு


வடகொன்றை
12-9-1971

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வீரையன் பேப்பர் வாங்கி வந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து படித்தார். தேதியைப் படித்ததும் நிறுத்திவிட்டார். ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. காளியம்மாள்தான் கேட்டாள். "உன் தம்பிக்கு ஆபீசுல முன்னாடியே தெரியும்ல? உனக்கு மட்டும் சொல்லிவிட்டுட்டான்ல?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று. அவள் சிரிக்கவில்லை. சீர் வரவில்லை, தம்பி வரவில்லை என்று நான் அழுததெல்லாம் நாடகமாம். அக்காளும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு, தெருவை எல்லாம் கிளப்பிவிட்டுத் தங்கள் மனையை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்களாம். என் பெண்ணுக்கு உலக்கை போட்டவள் சொல்கிறாள்.

சம்பா நடவு தொடங்கிவிட்டது. நடவுக்கு ஆள் சேர்ப்பது காளியம்மாள்தான் என்பது உனக்குத் தெரியும். விடிவதற்கு முன் வரப்பில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட பேர் மட்டும்தான் வயலில் இறங்க முடியும். என் பேரைக் கூப்பிடவில்லை. மறுநாளும் போய் நின்றேன். எனக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவர்களைக் கூப்பிட்டாள். உன் மச்சானையும் யாரும் வரப்பு அண்டை வெட்டக் கூப்பிடவில்லை. அவர் இப்போது வேற்றூருக்கு நடந்து போய் வேலை தேடுகிறார்.

நான் உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் வராமல் இருந்தாயா? உன்னிடம் கேட்கக் கூடாததுதான் இது. ஆனால் ஒரு தெருவே சொல்லும்போது, ராத்திரி படுத்தால் எனக்கும் அந்த நினைப்பு வருகிறது.

அம்சம்


பட்டுக்கோட்டை
25-9-1971

அக்காவுக்கு,

தெரியாது. என் மேல் ஆணை, ராசம்மாள் மேல் ஆணை, எனக்குத் தெரியாது. மச்சான் வந்து அழைக்கட்டும் என்ற வீம்பில்தான் வராமல் இருந்தேன். வேறு காரணமே இல்லை. என் வீம்புக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டாகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நீயே அப்படிக் கேட்டதை இரண்டு நாளாக என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். நான் அந்தத் தெருவில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கேள், அக்கா. உன் மனைக்குப் பண்ணையார் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார். நீயும் தெருவோடு காலி செய்துவிட்டுப் போய், சட்டத்தைக் கேள்விப்பட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டாய் என்று அவர் கட்சி. மார்கழியில் தாலுகா ஆபீசில் விசாரணை வரும். நான் வந்து சாட்சி சொல்கிறேன். நான் வராததால்தான் என் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்று சொல்வேன். நான் சர்க்கார் ஊழியன், அதுவும் அந்தத் திட்டத்தைப் போட்டவன். என் வார்த்தையைத் தள்ள மாட்டார்கள். எனக்கு மேலிடத்தில் என்ன வந்தாலும் வரட்டும்.

அந்தத் தெருவுக்கு வீடு கட்டித் தரப் போனேன். இருந்த வீட்டையும் இல்லாமல் செய்தேன். உன் மனை ஒன்றாவது நிற்கட்டும். அதுவும் போய்விட்டால் நான் இந்த வேலையில் இருந்து என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை.

கோவிந்தராசு


வடகொன்றை
28-11-1971

தம்பிக்கு,

நீ சாட்சி சொல்ல வராதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மழை விட்டபாடில்லை. வாய்க்கால் கரைக் கொட்டகைகளுக்குள் தண்ணீர் ஏறி நிற்கிறது. ஒரு மாதம் இருக்கப் போட்ட கொட்டகை அது. எத்தனை மழைக்குத் தாங்கும்? காளியம்மாளின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. சுருட்டி வைத்த பாயின் மேல் படுக்க வைத்திருந்தார்களாம், தரை எல்லாம் ஈரம் என்று.

சேதி கேட்டதும் ஓடினேன். பெண்கள் எல்லாம் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் போய்க் குனிந்தேன். யாரும் கையை விலக்கி எனக்கு இடம் விடவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒப்பாரியில் காளியம்மாள் உன் பேரைச் சொல்லித்தான் அழுதாள். காலனி கட்டித் தந்த மகராசன் என்று அழுதாள். தனியாக உட்கார்ந்து அழ எனக்கு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே என் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பண்ணையின் நடவு. வேண்டுமென்றே மடையைத் திறந்து விடுகிறார்கள், தண்ணீர் வாசற்படி வரை நிற்கிறது. ராசம்மாள் வரப்பில் நடந்து போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். வயதுப் பெண், வழியில் பண்ணையாட்கள். கூப்பிட்டால் ஓடிவர ஒரு வீடு இல்லை. நெருப்புக் குச்சி தீர்ந்தால் ஒரு கங்கு கேட்க ஆள் இல்லை. நீ காப்பாற்றச் சொல்கிற மனை இதுதான்.

நீ வந்து, 'நான் வராததால்தான் அக்கா போகவில்லை' என்று சொன்னால் அதிகாரி நம்புவார், பட்டா கொடுப்பார். ஆனால் தெரு என்ன சொல்லும்? பார், அக்காளுக்குத் தம்பி சாட்சி என்று சொல்லும். அவர்கள் நினைத்தது சரி என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆகும். அப்புறம் ஏழு தலைமுறைக்கும் எங்களுக்கு இந்த ஊரில் நடவு இல்லை. விசாரணைக்கு நான் போய்க்கொள்கிறேன். இருந்தேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். தெருவிலிருந்து யாராவது ஒருத்தர் ஆமாம் என்று சொன்னால் போதும். வீரையனிடம் கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றார்.

அம்சம்


பட்டுக்கோட்டை
6-1-1972

அக்கா,

நீ வேண்டாம் என்றும் நான் வந்தேன். நீயும் பார்த்தாய். தாலுகா ஆபீஸ் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். வீரையன் வரவே இல்லை. பண்ணை ஏஜெண்டு காளியம்மாளைச் சாட்சியாக அழைத்து வந்ததையும் பார்த்தேன். அவள் சொன்னது முழுக்க என் காதில் விழுந்தது. "அவளும் எங்களோடதாங்க வந்தா. அப்புறமாத் திரும்பிப் போயிட்டா" என்றாள். உன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதிகாரி உன்னிடம், "ஏம்மா, நீயும் அப்பவே காலி பண்ணிட்டியா?" என்று கேட்டார். நான் உள்ளே வரக் காலை எடுத்து வைத்துவிட்டேன். பியூனிடம் என் பேரைக்கூடச் சொல்லிவிட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாய்.

ஏன் சொன்னாய்? அது பொய் என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை, இல்லை என்ற ஒரே வார்த்தை போதும். மீதியை நான் கவனித்திருப்பேன். நம் அப்பன் பாட்டன் யாருக்கும் இல்லாத ஒன்று, சொந்த மனை, சர்க்கார் கையால் உன் கைக்கு வர இருந்தது. அதை நீயே தட்டிவிட்டாய். ராசம்மாளைப் பற்றி நினைத்தாயா? மச்சான் மண் குழைத்து வைத்த சுவரைப் பற்றி நினைத்தாயா?

உன்னோடு பேச வாயெழவில்லை. அதனால்தான் பஸ் ஏறிவிட்டேன். எனக்கு உன் மேல் ஆறாத கோபம்.

கோவிந்தராசு


வடகொன்றை
வாய்க்கால் கரை
24-1-1972

தம்பி கோவிந்தராசுக்கு,

கோபம் ஆறட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். ஆறியிருக்காது. எனக்கும் ஆறவில்லை.

காளியம்மாளுக்கு ஏஜெண்டு என்ன ஆசை காட்டினார் என்று எனக்குத் தெரியும். தை அறுப்பு முழுவதும் அவள் ஆட்களுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஆளை இறக்குவோம் என்றும் சொல்லியிருந்தார். வெளியூர் ஆள் இறங்கினால் வெட்டும் குத்தும் தீவைப்பும்தான் என்று நம் ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவள் அதற்காக மட்டும் சொல்லவில்லை. என் மேல் இருந்த வெறுப்பில் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், யாரையாவது வெறுக்காமல் எப்படி இருப்பாள்?

நீ ஜன்னலில் நிற்பதைப் பார்த்த உடனே எனக்கு மேற்கொண்டு நடக்கப் போவது தெரிந்துவிட்டது. இல்லை என்று நான் சொன்னால் நீ உள்ளே வருவாய், நான் ஜெயிப்பேன். ஜெயித்து அந்தத் தண்ணீருக்கு நடுவில் போய் உட்காருவேன். காளியம்மாள் பொய்ச்சாட்சி சொன்னவள் ஆவாள். தெருவில் எல்லோரும் கொட்டகையில் நனைய, நான் மட்டும் பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். உன் மச்சான் அன்றாடம் மூன்று ஊர் தாண்டி வேலைக்குப் போவார். ராசம்மாளுக்கு இந்தத் தெருவில் யார் மாலை எடுத்துக் கொடுப்பார்கள்? நாளைக்கு நான் செத்தால் யார் தூக்குவார்கள்? இதையெல்லாம் அப்போது நின்று நிதானமாக யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய் ஆமாங்க என்றுவிட்டது.

தியாகம் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்த மனை வேண்டும். இன்றைக்கும் வேண்டும். சொந்த மண் என்றால் எப்படி இருக்கும் என்று அந்த மூன்று நாலு மாதமும் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பேச ஆள்தான் இல்லை.

விசாரணை முடிந்த மறுநாளே கூரையைப் பிரித்தோம். உன் மச்சான் சுவரில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கரையில் எங்களுக்கு எங்கே கொட்டகை போடுவது என்று தெரியாமல் நின்றோம். காளியம்மாள் புருஷன் வந்து அவர்கள் கொட்டகைப் பக்கத்தில் மண்ணைச் சமன் செய்து கொடுத்தான். அன்று மாலை காளியம்மாள் ஒரு சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் அதைச் சாப்பிட்டேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பசியும் இருந்தது.

இப்போது எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள். வீரையன்கூட நின்று விசாரித்துவிட்டுப் போகிறார். பக்கத்து ஊர்களில் பட்டா கொடுக்கிற விழா நடக்கிறதாம், மைக் சத்தம் வாய்க்கால் வரை கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போது மட்டும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

உன்னைத்தான் இந்தத் தெரு மன்னிக்கவில்லை, தம்பி. கொட்டகை ஒழுகும்போதெல்லாம் உன் பேர் வருகிறது. ஆரம்பத்தில் என் எதிரில் மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். இப்போது நிறுத்துவதில்லை. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மறுபடியும் என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள். போன வாரம் மழைத் தண்ணீர் அடுப்பை அணைத்தபோது, காளியம்மாள் உன்னைத் திட்டினாள். கூட நானும் திட்டினேன். அவள் என் தோளில் கை வைத்தாள்.

ஆகவே நீ இந்தப் பக்கம் வராதே. ராசம்மாள் கல்யாணத்துக்கும் வராதே. தாய்மாமன் முறையை அன்றைக்கு வேறு யாராவது செய்வார்கள். நான் இவர்களோடுதான் இருக்க வேண்டும்.

விடிந்தால் அறுப்பு. காளியம்மாள் வரப்பில் நின்று பேர் கூப்பிடுவாள், நேரத்தோடு போக வேண்டும்.

அம்சம்